மைனஸ்

முடிவுத் தாளில் என் பெயரை
ஜெசிநாதா என்று எழுதியிருந்தார்கள்.
ஜெசிந்தா நான். தோற்றது வேறு யாரோ என்று
கொஞ்ச நாள் வைத்துக்கொண்டேன்.

பெரியமேட்டில் ஜன்னலெல்லாம் அடைத்த கூடம்.
காய் அலையும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள்.
மூன்றாவது செட்.
ரெஹானா பானு இருபத்திரண்டு, நான் இருபத்தொன்று.
சிவப்பை எடுத்து ஃபாலோவும் போட்டாயிற்று.
போர்டில் என் வெள்ளை இரண்டு, அவள் கறுப்பு நான்கு.
என்னுடையதில் ஒன்று
குழியின் உதட்டில் உட்கார்ந்திருந்தது.
ஊதினால் விழும்.
நான் அடித்தேன்.

பஸ் படிக்கட்டில் நிற்கிறவன்
இறங்குகிறவருக்கு ஒதுங்குவது போல
வெள்ளை ஒதுங்கிக்கொண்டது.
ஸ்ட்ரைக்கர் மரியாதையாக உள்ளே போனது.

மைனஸ், என்றார் அம்பயர்.

சம்பாதித்து அடுக்கியதிலிருந்து
ஒன்றை எடுத்துத் தர வேண்டும்.
எதிராளிதான் அதை நடு வட்டத்தில் வைப்பாள்.
ரெஹானாவின் விரலில் மருதாணி பாதி அழிந்திருந்தது.
வைத்தபோது சத்தமே வரவில்லை.
பிறகு நான்கு கறுப்பையும் வரிசையாக எடுத்தாள்.
மீதி நின்ற என் வெள்ளை மூன்று.
இருபத்திரண்டும் மூன்றும் இருபத்தைந்து.

அந்த ஒன்று இல்லாவிட்டால் இருபத்துநான்கு.
இன்னொரு போர்டு இருந்திருக்கும்.

இந்தக் கணக்கை
கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் போகும்வரை
நின்று போட்டேன்.
மெடிக்கல் ஷாப்பில் சில்லறை எண்ணும்போது போட்டேன்.
பத்து மாத்திரை கேட்டவருக்கு
ஒன்பது வெட்டிக் கொடுத்தேன்.

போர்டு பீரோவுக்குப் பின்னால் போனது.
ஐப்பசி மழையில் ஓரம் உப்பியது.
"சும்மாத்தானே கெடக்குது" என்று
அண்ணி அதன்மேல் இஸ்திரி போட்டாள்.
நானும் சும்மாத்தான் கிடந்தேன்.

தோல்விதான் வெற்றிக்கு முதல் படியாம்.
இருமல் மருந்து வாங்க வந்தவர்கூடச் சொன்னார்.
எங்கள் வீட்டு மாடியில்
முதல் படிதான் உடைந்திருக்கிறது.
அதில் யாரும் கால் வைப்பதில்லை.
தாண்டித்தான் ஏறுகிறோம்.

ஏழு மாதம் கழித்து
மோட்டார் காயில் கட்டுகிற இம்மானுவேல் அனுப்பினான்:
"டபுள்ஸுக்கு ஒரு கை குறையுது. வர்றியா?"
ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் போனேன்.

தண்டையார்பேட்டையில், ரீவைண்டிங் கடைக்கு மேல்,
வார்னிஷ் வாசம். தலையைத் தொடுகிற பல்ப்.
நான்காவது அடியிலேயே
அதே சத்தம்,
வலையில் ஸ்ட்ரைக்கர் தொங்குகிற அந்த மெத்தென்ற சத்தம்.
யாரும் மூச்சுவிடவில்லை.
இல்லை, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.
மூச்சுவிடாதவள் நான் மட்டும்தான்.

கை தானாகப் போய் ஒரு வெள்ளையை எடுத்து நீட்டியது.
இம்மானுவேல் வாங்கி வைத்தான்.
"ம், அடுத்த ஆளு."

ஒரு தப்புக்கு ஒரு காய்.
சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது.
பெரியமேட்டிலேயே கட்டியாகிவிட்டது.
ரெஹானா வாங்கி, ரசீது மாதிரி
எல்லோர் முன்னாலும் நடுவில் வைத்தும்விட்டாள்.
அதற்குப் பிறகு
தினம் ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தது
யாரும் கேட்காத வட்டி.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
அவளுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது.
நான் இன்னும் மாத்திரை வெட்டுகிறேன்,
இப்போது பத்தாக.

என் முறை வரும்போது
கீழே தண்ணி லாரி ஹாரன்.
"கலைச்சிடாதீங்க" என்று ஓடினேன்.
நான்கு குடம். வரிசையில் ஒரு சின்ன சண்டை.
ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு
மேலே வந்து பார்த்தால்
நடு வட்டத்தில், வைத்த இடத்திலேயே,
என் காய்.

பவுடரைத் தட்டினேன்.